மடையும் நண்டு வளையும்

வாடா தம்பி, திண்ணையில ஒக்காரு. பெரிம்மா மல்லாட்டை வறுத்து வெச்சிருக்கா. நீ வடக்கே வேலைக்குப் போயி மூணு வருஷம் ஆச்சு, அங்க இதை என்னா பேரு சொல்லித் திங்கிறானுங்களோ, இங்க இன்னும் மல்லாட்டைதான். தின்னு.

வடலூர் தைப்பூச ஜோதி பாக்க வந்திருக்கேன்னு உங்கப்பன் சொன்னான். ஆனா ஊருல கால் வெச்சதுலேருந்து ஜோதியைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசலையாம். சலூன்ல, டீக்கடையில, குறிஞ்சிப்பாடி ஸ்டேஷன் பெஞ்சுல, எங்க போனாலும் ஒரே பாட்டாம்: "எங்க கம்பெனி சேர்மன் சம்பளத்துக்கு உச்சவரம்பு வெச்சிருக்கான், என்னா அநியாயம்!" டேய், நீ சேர்ந்ததே நேத்து. உன் சம்பளத்துக்கு அழுதாலும் ஒரு நியாயம் இருக்கு. சேர்மன் சம்பளத்துக்கு நீ ஏண்டா அழுவுற? என் தறிக்குழி பக்கத்துல ஒரு பூனை கெடக்கு. பக்கத்து வூட்டுல மீன் பொரிச்சா இது இங்க மீசையைத் தடவிக்கும். உன்னைப் பாத்தா அதும் ஞாபகந்தான் வருது.

நான் கைலி நெய்யுறவன், எனக்கு என்னா தெரியும்னு நெனைக்காதே. கண்ணு மங்கி தறியை வுட்டதுலேருந்து தினம் நூலகத்துக்குப் போறேன். படிக்க இல்ல, அங்க ஃபேன் ஓடுது. ஃபேனுக்குக் கீழ சும்மா ஒக்காந்தா லைப்ரரிக்காரம்மா முறைக்கும். அதுக்குப் பயந்து பேப்பரை விரிச்சு வெச்சுக்குவேன். அப்படியே கொஞ்சம் மண்டையில ஏறிப்போச்சு.

மொதல்ல உன் கணக்கைப் பாப்போம். பொதுத்துறைக் கம்பெனிங்களை ஏ, பி, சி, டின்னு நாலு ஷெட்யூலாப் பிரிச்சு வெச்சிருக்கான். நீதிபதி சதீஷ் சந்திரா தலைமையில ஒரு கமிட்டி போட்டு, 2017 ஆகஸ்ட் 3-ந் தேதி உத்தரவு வந்துச்சு. ஷெட்யூல் ஏ கம்பெனித் தலைவருக்கு அடிப்படைச் சம்பளம் மாசம் 2,00,000-ல ஆரம்பிச்சு 3,70,000-ல நிக்கணும். ஷெட்யூல் டி தலைவருக்கு 1,20,000-லேருந்து 2,80,000. நம்ம கூப்பிடு தூரத்துல இருக்குற நெய்வேலி ஷெட்யூல் ஏ, 2011-லேருந்து நவரத்தினம் வேற. மத்திய அரசாங்க ஆபீசுக்குள்ள போனா ஏழாவது ஊதியக் குழு: 2016 ஜனவரி 1-லேருந்து கீழ்ப்படிக்கு 18,000, மேல்படிக்கு 2,25,000. நம்ம தமிழ்நாட்டு அரசுல கீழே 15,700, மேலே அதே 2,25,000. சரியா?

இதுல அநியாயம் எங்க இருக்குன்னு அப்புறம் பாப்போம். அதுக்கு முன்னாடி ஒழவு பாடம் ஒண்ணு.

வரம்புன்னா என்னா? வரப்புதான். வரப்பு இல்லாத கழனியில தண்ணி நிக்குமா? மேட்டுக்காரன் தண்ணியெல்லாம் பள்ளத்துக்காரன் தலையில போயி வுழும். சரி, மடை இல்லாம வரப்பு மட்டும் போட்டா? பயிரு அழுவிப் போவும். வரப்பும் வேணும், மடையும் வேணும். இந்த மடைக்குத்தான் உங்க ஆபீசு பாஷையில விதிவிலக்குன்னு பேரு.

ஆனா கழனியில மடையைத் தவிர இன்னொரு ஓட்டையும் உண்டு: நண்டு வளை. தண்ணி ரெண்டு வழியாவும்தான் போவுது. வித்தியாசம் என்னா? மடையை எங்க வெச்சிருக்கு, எப்ப தொறப்பான், யாரு தொறப்பான்னு அக்கம்பக்கத்துக் கழனிக்காரன் எல்லாருக்கும் தெரியும். நெய்வேலி சுரங்கத்துல இறைக்கிற தண்ணி வாலாஜா ஏரிக்கு வந்து, அங்கேருந்து பெருமாள் ஏரிக்குப் போவுது. அந்த வழியில எந்த மதகை யாரு தூக்குறான்னு ஒழவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். நண்டு வளை அப்படி இல்ல. ராத்திரி தோண்டுது. காலையில பாத்தா கழனி காஞ்சு கெடக்கு. நண்டைக் கேட்டா, "நான் சும்மா குடியிருந்தேன்"னு சொல்லும்.

இப்ப சம்பள வரப்பு எப்ப போட்டாங்கன்னு கேளு. 1930 மார்ச்சுல, உப்புக்கு நடக்குறதுக்கு முன்னாடி, காந்தி வைசிராய் இர்வினுக்கு ஒரு கடுதாசி எழுதினாரு. உங்க சம்பளம் மாசம் 21,000 ரூபாய்க்கு மேல. ஒரு நாளைக்கு 700 ரூபாய்க்கு மேல வருது. இந்தியாவுல ஒருத்தனோட சராசரி வருமானம் நாளுக்கு ரெண்டணா கூட இல்ல. அவனை மாதிரி 5,000 மடங்குக்கு மேல நீங்க வாங்குறீங்கன்னு கணக்குப் போட்டுக் காட்டினாரு. உங்க மேல கோவம் இல்லன்னும் மரியாதையா எழுதியிருந்தாரு. அதான் கடுதாசி எழுதுற லட்சணம். நீயும் எழுதுறியே, வாட்ஸப்புல!

அடுத்த வருஷம், 1931 மார்ச்சு, கராச்சியில காங்கிரஸ் மாநாடு. தலைவரு வல்லபாய் படேல். சுதந்திரம் வந்தா அரசாங்க ஊழியன் எவனுக்கும் மாசம் 500 ரூபாய்க்கு மேல போவக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. ஆகா, வரப்புன்னா இதான் வரப்புன்னு கை தட்டத் தோணுதா? கொஞ்சம் இரு. அந்தத் தீர்மானத்துலயே, "சாதாரணமா" 500-க்கு மேல போவக் கூடாது, அதுவும் "தனியா அமர்த்துற நிபுணருங்க மாதிரி ஆளுங்க நீங்கலா"ன்னு இருக்கு.

நிபுணருக்கு மடை வெச்சதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அணை கட்டத் தெரிஞ்சவனை 500-க்குள்ள அடைச்சா அணை நிக்குமா? ஆனா "மாதிரி"ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாரு, அது மடை இல்ல தம்பி, நண்டு வளை. நிபுணரு யாருன்னு கண்டுபிடிச்சிடலாம். நிபுணரு மாதிரி ஆளுன்னா நீ, நானு, அதோ அந்தப் பூனை, எல்லாரும்தான்.

1937-ல சென்னையில ராஜாஜி மந்திரிசபை வந்துச்சு. மந்திரி சம்பளம் மாசம் 500, சொன்ன சொல்லைக் காப்பாத்தினாங்க. வூட்டுக்கும் காருக்கும் படி? அது தனி. சம்பளம்தானே 500-ன்னு சொன்னோம், படி இவ்வளவுன்னு சொல்லலியே! படிங்கிற வார்த்தையைக் கண்டுபிடிச்சவன் இருக்கானே, அவனுக்குத்தான் சம்பளத்துக்கு வரம்பே வெக்கக் கூடாது.

சுதந்திரம் வர்ற வருஷம் மொத ஊதியக் குழு அறிக்கை வந்துச்சு. தலைவரு நம்ம பக்கத்து மனுசன், நீதிபதி ஸ்ரீனிவாச வரதாச்சாரியார். கீழ்ப்படிக்குப் பஞ்சப்படியோட 55 ரூபாய், மேல்படிக்கு 2,000 ரூபாய்ன்னாரு. இது நல்ல வரப்பு. ஆனா பெரிய செகரெட்டரி நாற்காலிக்கு மட்டும் அதுக்கு மேல. வெள்ளைக்காரன் காலத்துல சேர்ந்த ஐ.சி.எஸ். ஆளா இருந்தா அவனுக்கு 4,000. ஒரே ஆபீசு, ஒரே மாதிரி நாற்காலி, ஒரே ஃபைலு. ஒருத்தன் ஐ.ஏ.எஸ்., அவனுக்கு ஒரு சம்பளம். பக்கத்து ரூம்காரன் ஐ.சி.எஸ்., அவனுக்கு அதுக்கு மேல. கேட்டா, அரசியல் சட்டத்துல 314-ம் பிரிவுன்னு ஒண்ணு போட்டு அவங்க பழைய சலுகையைக் காப்பாத்தியிருக்கோம்ன்னாங்க. அந்த மடையை அடைக்க 1972-ல 28-வது திருத்தம் வரணுமாயிருந்துச்சு. அதுக்குள்ள அந்த ஆளுங்கள்ல முக்காவாசிப் பேரு பென்சன் வாங்கிட்டுப் போயிட்டாங்க. தண்ணியெல்லாம் வடிஞ்சப்புறம் மடையை அடைச்சாங்க. ஆனாலும் ஒண்ணு சொல்றேன், அது மடைதான். நாடே படிக்கிற புத்தகத்துல எழுதி வெச்ச மடை.

இன்னொரு மடை இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. ஊதியக் குழு எத்தனை வந்தாலும் மேல்வரம்பு போடுவான், போட்டுட்டு ஒரு சில நாற்காலியை மட்டும் வெளிய எடுத்து வெச்சுருவான். நாலாவது குழுவுல செகரெட்டரிக்கு 8,000, கேபினெட் செகரெட்டரிக்கு 9,000. அஞ்சாவதுல 26,000, 30,000. ஆறாவதுல 80,000, 90,000. ஏழாவதுல 2,25,000, 2,50,000. ஊருக்கெல்லாம் ஒரு வரப்பு, ஒரு சில ஆளுக்கு மட்டும் வரப்பு மேல முக்காலி. அதுல ஒண்ணும் கெட்டுப் போவலை. விரல் வுட்டு எண்ணுற முக்காலிதான், எல்லாருக்கும் தெரியுது.

ஆனா 2016-ல அந்த முக்காலியால ஒரு கூத்து நடந்துச்சு. கேபினெட் செகரெட்டரி 2,50,000 வாங்குறாரு, அவருக்கெல்லாம் மேல இருக்குற ஜனாதிபதிக்கு 1,50,000-தான்! நாட்டுக்கே தலைவரு, கீழ வேலை பாக்குறவரை விட ஒரு லட்சம் கம்மி. கவர்னருங்களுக்கு 1,10,000. ஊதியக் குழு ஆபீசருங்களுக்குத்தானே கணக்குப் போடும், ராஷ்டிரபதி பவனுக்கு யாரு போடுறது? ரெண்டு வருஷம் அப்படியே கெடந்துச்சு. 2018 பட்ஜெட்டுல அருண் ஜெட்லி ஜனாதிபதிக்கு 5,00,000, துணை ஜனாதிபதிக்கு 4,00,000, கவர்னருக்கு 3,50,000-ன்னு ஏத்தி வெச்சாரு. மொத ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் சட்டத்துல எழுதியிருந்த 10,000-த்தை முழுசா வாங்காம தானே கொறைச்சுக்கிட்டவரு. தனக்குத் தானே வரப்பு போட்டுக்கிட்ட மனுசன். அந்த மாதிரி வரப்புல நண்டு வளை தோண்டாது.

அதே பட்ஜெட்டுல எம்.பி.ங்களுக்கு ஒரு ஏற்பாடு: அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வெலவாசிக்கு ஏத்த மாதிரி சம்பளம் தானா ஏறும். 1,00,000 இப்ப 1,24,000. அது வளர்ற வரப்பு. நான் நெய்த கைலிக்கும் வெலவாசி பாத்து கூலி தானா ஏறுற மாதிரி யாராச்சும் ஒரு சட்டம் போட்டிருந்தா, இந்நேரம் நானும் ஏ.சி. போட்டிருப்பேன், நூலகத்து ஃபேனைத் தேடிப் போயிருக்க மாட்டேன்.

சரி, இப்ப உன் சேர்மன் கதைக்கு வருவோம். 3,70,000-ல அடைச்சுட்டான்னு அழுதே இல்ல? நாளைக்கு வடலூர் ஞானசபையில ஏழு திரை வெலக்கி ஜோதி காட்டுவாங்க: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, அப்புறம் கலப்புத் திரை. வள்ளலார் மன்னிக்கணும், சம்பளச் சீட்டுக்கும் ஏழு திரை உண்டு. பொதுவுல பேசுறதெல்லாம் மொதத் திரையைப் பத்தித்தான்.

கறுப்பு: அடிப்படைச் சம்பளம், அதுக்குத்தான் 3,70,000 வரம்பு. நீலம்: பஞ்சப்படி, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாறும். பச்சை: வாடகைப் படி, இல்லாட்டி கம்பெனி பங்களா. சிவப்பு: சலுகைங்க, அடிப்படையில 35 சதவீதம் வரைக்கும், ஓட்டல்ல தட்டு எடுத்துக்கிட்டுப் போற மாதிரி வேண்டியதை எடுத்துக்கலாம். பொன்: செயல்திறன் ஊதியம். ஷெட்யூல் ஏ தலைவருக்கு அடிப்படையில 150 சதவீதம் வரைக்கும் போவும். அதாவது, சம்பளம் 1 ரூபாய்ன்னா, அதுக்கு மேல ஒண்ணரை ரூபாய். வெள்ளை: பி.எஃப்., பென்சன், கிராஜுவிட்டி, ஓய்வுக்கப்புறம் வைத்தியம், எல்லாம் சேர்த்து அடிப்படையும் பஞ்சப்படியும் கூட்டினதுல 30 சதவீதம் வரைக்கும். ஏழாவது கலப்புத் திரை: ரிட்டயர் ஆனப்புறம் ஆலோசகர், சிறப்பு அதிகாரி, இன்னும் என்னென்னமோ. அங்க ஏழு திரை போனா வெளிச்சம் தெரியும். இங்க ஏழு திரை போனா பாஸ்புக்கு தெரியும்.

இரு, இரு, கோவிச்சுக்காதே. பொன் திரையும் மடைதான், நான் ஒத்துக்குறேன். லாபம் வந்தாத்தான் தொறக்கும். லாபத்துல 5 சதவீதத்துக்குள்ளதான் எல்லாருக்கும் பங்கு. வேலை எப்படின்னு மார்க்கு போட்டுத்தான் குடுக்குறான். சம்பள உயர்வு கூட கம்பெனிக்குத் தாங்குற சக்தி இருந்தாத்தான். மூணு வருஷத்து சராசரி லாபத்துல 20 சதவீதத்துக்கு மேல செலவு ஏறக் கூடாதுன்னு கட்டு போட்டிருக்கான். நல்ல மடைதான். நான் கேக்குறதெல்லாம் ஒண்ணுதான்: ஒண்ணரை மடங்கு மடையைத் தொறந்து வெச்சுட்டு, வரப்பு அடைச்சுக்கிட்டு கெடக்குதுன்னு நீ ஏன் ஸ்டேஷன் பெஞ்சுல அழுவுற?

உன் பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். 2016-17-ல ஸ்டேட் பாங்கு தலைவரா இருந்த அருந்ததி பட்டாச்சார்யா வருஷம் பூரா வாங்கினது சுமார் 29 லட்சம். அதே வருஷம் எச்.டி.எஃப்.சி. பாங்கு மேனேஜிங் டைரக்டருக்கு 10 கோடி அளவுல. நாட்டுலயே பெரிய பாங்கை ஓட்டுறவங்களுக்கு லட்சம், அதை விடச் சின்ன பாங்கை ஓட்டுறவருக்குக் கோடி. ரிசர்வ் பாங்கு கவர்னரா இருந்த ரகுராம் ராஜன் 2016-ல அதைத்தான் சொன்னாரு: பொதுத்துறையில கீழ இருக்குறவனுக்குக் கூடுதலா குடுக்குறோம், மேல இருக்குறவனுக்குக் கொறைவா குடுக்குறோம்னு. எனக்கே கொறைச்சல்தான்னு சிரிச்சுக்கிட்டே தன்னையும் சேர்த்துக்கிட்டாரு. அவரு படிச்ச படிப்புக்கு அது சரியாவே இருக்கலாம். ஆனா "கீழ இருக்குறவன்"னு அவரு சொன்னது நிரந்தர வேலைக்காரனை. அவனுக்கும் கீழ இன்னொருத்தன் நிக்கிறான். அவனைப் பத்திப் பேச வர்றேன்.

அதுக்கு முன்னாடி, வெளிநாட்டுல எப்படின்னு கேக்குறியா? சுவிட்சர்லாந்துல 2013-ல, ஒரு கம்பெனியில மேல இருக்குறவன் கீழ இருக்குறவனை விட 12 மடங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு ஊரு பூரா ஓட்டு வெச்சாங்க. மூணுல ரெண்டு பங்கு ஜனம் வேணாம்னுடுச்சு. வரப்பே வேணாம்னு ஒழவனே சொன்ன ஊரு அது. சிங்கப்பூரு கதை வேற. 2012-லேருந்து அங்க மந்திரி சம்பளத்துக்கு ஒரு கணக்கு: நாட்டுலயே அதிகமா சம்பாதிக்கிற 1,000 குடிமக்களை வரிசையா நிறுத்தி, நடுவுல நிக்கிறவன் வருமானத்தை எடுத்து, அதுல 40 சதவீதம் கழிச்சுக் குடுப்பான். கழிக்கிறது எதுக்கு? பொதுச் சேவைன்னா கொஞ்சம் தியாகம் வேணுமாம். ஆடித் தள்ளுபடி மாதிரி சேவைத் தள்ளுபடி! நம்ம ஊருலேருந்து அங்க வேலைக்குப் போன பசங்க சொல்லிச் சிரிப்பானுங்க. ஆனா ஒண்ணு, கணக்கை வெளிப்படையா எழுதி வெச்சிருக்கான் பாரு, அதுக்கு ஒரு மார்க்கு போடலாம்.

இப்ப கீழ குனிஞ்சு பாரு. வரப்புல மேல்பக்கம் மட்டும்தான் ஓட்டை விழும்னு நெனைச்சியா? மத்திய அரசுல 18,000-க்குக் கீழ ஒருத்தனும் இல்லன்னு உத்தரவு சொல்லுது. அப்ப கேட்டுக்கு வெளிய சோத்துப் பொட்டலத்தோட நிக்கிறது யாரு? அவன் "ஒப்பந்தம்". அவன் அரசாங்கத்து ஆளு இல்ல, கான்ட்ராக்டரு ஆளு. வேலை ஒண்ணுதான், சுரங்கம் ஒண்ணுதான், தூசி ஒண்ணுதான், மஸ்டர் ரோல் மட்டும் வேற. நெய்வேலியில ஒப்பந்தத் தொழிலாளிங்க 2012-ல, 2014-ல, 2023-ல போராட்டம் பண்ணாங்களே, அவங்க கேட்டது ஏழு திரையா? மொதத் திரையை ஒருக்கா வெலக்கிக் காட்டுங்கன்னுதான் கேட்டாங்க. 2016 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு: தற்காலிகமா இருந்தாலும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்னு. கோர்ட்டு சொல்லிட்டா வளை அடைஞ்சுடுமா? நண்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே.

நம்ம தமிழ் பாஷை இருக்கே, அதுல ஒரு வேடிக்கை. "சிறப்பு"ன்னு ஒரு வார்த்தை. அதை மேல்படியில வெச்சுப் பாரு: சிறப்புப் படி, சிறப்பு அதிகாரி. சம்பளம் ஏறும். அதே வார்த்தையைக் கீழ்ப்படியில வெச்சுப் பாரு: சத்துணவு ஆயா, அங்கன்வாடி டீச்சரு வாங்குறதுக்குப் பேரு "சிறப்பு காலமுறை ஊதியம்". பேருதான் சிறப்பு. எல்லாருக்கும் உண்டான காலமுறை ஊதியம் குடுங்கன்னு அவங்க வருஷா வருஷம் கொடி புடிக்கிறாங்க. சிறப்பு வேணாம், சாதாரணம் குடுங்கன்னு கேக்குற கூட்டத்தை வேற எங்கயாச்சும் பாத்திருக்கியா? கராச்சியில "சாதாரணமா"ங்கிற வார்த்தையால மேல தண்ணி போச்சு. இங்க அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் ரோட்டுல ஒக்காந்திருக்காங்க.

இன்னும் கேளு. அரசு காலேஜுல பாடம் நடத்துறவருக்குக் "கௌரவ விரிவுரையாளர்"னு பேரு. பகுதிநேர வாத்தியாருக்குத் "தொகுப்பூதியம்". கிராமத்துல பிரசவத்துக்கு ஆட்டோ புடிச்சுக்கிட்டு ஓடுற ஆஷா அம்மாவுக்கு "ஊக்கத்தொகை". எதுக்கும் சம்பளம்னு பேரு இல்ல. என் எழுவத்தஞ்சு வயசுல நான் கண்டுபிடிச்ச ஒரே விதி இதான்: ஒரு வேலைக்கு முன்னாடி கௌரவம்னு ஒட்டினா, பின்னாடி காசு கொறையுது.

மேல இருக்குற விதிவிலக்குக்கு ஆளு பேரு உண்டு, ஆர்டர் நம்பர் உண்டு. ஒரு நாற்காலி, ரெண்டு நாற்காலி. கீழ இருக்குற விதிவிலக்குக்கு ஆளு கணக்கே கெடையாது. மேல போற தண்ணி ஒரு சொம்பு. கீழ ஒழுவுறதுதான் ஏரித் தண்ணி.

உனக்கு ஒரு கதை சொல்றேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, ஒரு நெசவாளர் சங்கம், பேரு வேணாம். நானும் அதுல நிர்வாகக் குழுவுல இருந்தேன். மேனேஜர் பயணச் செலவு ரொம்ப ஏறுதுன்னு, மாசத்துக்கு இவ்வளவுக்கு மேல போவக் கூடாதுன்னு தீர்மானம் போட்டோம். நான்தான் முன்மொழிஞ்சேன், மார்பைத் தூக்கிக்கிட்டு. கடைசியில ஒரு பெரிசு, "அவசரக் காரியம் நீங்கலா"ன்னு சேர்க்கச் சொல்லிச்சு. நியாயந்தானேன்னு சேர்த்தோம். அடுத்த மாசத்துலேருந்து அந்த மனுசனுக்கு எல்லாக் காரியமும் அவசரம்! நூல் வாங்க அவசரம், சாயம் பாக்க அவசரம், மாமியா வூட்டு வளைகாப்பு அன்னிக்கு அந்த ஊருல சங்கத்து வேலை அவசரம். வருஷக் கடைசியில பாத்தா தீர்மானம் போடுறதுக்கு முன்னாடி ஆன செலவை விட அதிகம். ஏன் தெரியுமா? முன்ன வரம்பு இல்ல, பயந்து பயந்து செலவு பண்ணினான். வரம்பு போட்டதும், வரம்புக்குள்ள போறது உரிமை ஆயிடுச்சு, வரம்புக்கு வெளிய போறது அவசரம் ஆயிடுச்சு. எது அவசரம்னு யாரு முடிவு பண்றது? அவனே. அங்கதான் நாங்க கோட்டை வுட்டோம். மடை வெச்சோம், சாவியைத் தண்ணி எடுக்குறவன் கையிலயே குடுத்துட்டோம்.

அதனால உனக்கு ஒரு புத்தி சொல்றேன், கேட்டுக்கோ. நீ பெரிய நாற்காலிக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டே, அது தெரியுது. போனதும் வரம்பைத் திட்டாதே. வரம்பு இருந்தாத்தான் விதிவிலக்குக்கு மரியாதை. எல்லாருக்கும் கோடி குடுத்தா உன் கோடியை எவன் திரும்பிப் பாப்பான்? எங்கயாச்சும் சட்டம் எழுதுற கமிட்டியில ஒக்காந்தா, "மாதிரி", "போன்ற", "சாதாரணமா", "தேவைப்படின்"... இந்த நாலு வார்த்தையையும் பையிலயே வெச்சுக்கோ. பேட்டி குடுத்தா மொதத் திரையைப் பத்தி மட்டும் பேசு. மத்த ஆறும் காத்துல ஆடாம பாத்துக்கோ. எட்டாவது ஊதியக் குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில வந்திருக்கு, அதுக்கும் ஒரு மனு அனுப்பு. "ஊக்கத்தொகை" வாங்குறவங்களைப் பத்தி அதுல ஒரு வரி எழுதிடாதே, உன்னைக் கம்யூனிஸ்டுன்னுடுவாங்க.

இதையெல்லாம் மீறி உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு மிச்சம் இருந்தா, மூணே மூணு கேள்வி கேளு. ஒரு விதிவிலக்கு எந்தப் பக்கம் பாத்துத் தொறக்குது? சாவி யாரு கையில? பக்கத்துக் கழனிக்காரனுக்கு அது தெரியுமா? மூணுக்கும் நல்ல பதில் இருந்தா அது மடை, போற தண்ணி போவட்டும். ஒண்ணுக்குப் பதில் இல்லன்னாலும் மம்மட்டியை எடு.

இந்த ஊருக்கு வரம்பு வெச்சு, ஒருத்தனுக்கும் விதிவிலக்குக் குடுக்காத ஒரே ஆபீசரு தானே புயல்தான். 2011 டிசம்பர் 30 காலையில வந்துச்சு. உசந்த பலா, தாழ்ந்த முந்திரி, பணக்காரன் தோப்பு, ஏழை தோப்பு, எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்குப் படுக்க வெச்சுட்டுப் போச்சு. அந்த நியாயம் நமக்கு வேணாம்டா. விதிவிலக்கே இல்லாத நியாயமும் புயலும் ஒண்ணுதான். அதனாலதான் மடை வேணும்ங்கிறேன், வளை வேணாம்ங்கிறேன்.

என்னா புள்ள? முறத்தைக் கீழ வெச்சுட்டே? என்னமோ முணுமுணுக்குறியே, சத்தமா சொல்லு. தம்பியும் கேக்கட்டும், அவன் நம்ம புள்ளதானே.

"நேத்து கொல்லையில மல்லாட்டைக்குக் களை வெட்டினாங்களே, ஆம்பிளைக்கு எம்மாம் குடுத்தீங்க?"

600.

"பொம்பளைக்கு?"

அது வந்து... ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்கு இல்ல? 300. ஆனா ஆம்பிளைங்க களை மட்டுமா வெட்டினானுங்க, வேலியும் கட்டினானுங்க.

"அரை மணி நேரம். அதுவும் பீடி குடிச்சுக்கிட்டு."

டேய் தம்பி, நீ ஏண்டா சிரிக்கிற? என்னா, 1976-லயே சம ஊதியச் சட்டம் வந்துடுச்சா? எனக்குத் தெரியும்டா, நூலகத்துலதானே கெடக்குறேன். இது அதுல வராது. இது வந்து ஒரு... சிறப்பு காலமுறை மாதிரி...

சரி சரி, "மாதிரி"ன்னு சொல்லிட்டேன், நாக்கு தவறிடுச்சு. அம்மாம் சத்தமா சிரிக்காதே, தெருவுல போறவன் திரும்பிப் பாக்குறான். இதைப் பத்தி யோசிச்சு, அடுத்த போகத்துலேருந்து ஒரு முடிவு...

"கமிட்டியெல்லாம் வேணாம். நாளைக்கு அதே நாலு பேருதான் வர்றாங்க. மீதி 300-ஐயும் சேர்த்தே குடுத்துடலாம்."

குடுத்துடலாம் புள்ள, யாரு வேணாம்னா? பொட்டியிலேருந்து எடுத்து வெக்கிறேன். சாவி எங்க, மாடத்துல காணுமே?

"எம் முந்தானையில இருக்கு."